வரைந்த ஜன்னலின் திரை

எங்கள் ஊர்ப் புல்வெளிக்கு அந்தப் பக்கம் ப்ரூம் வீடு, இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு குட்டை, சில வாத்துகள், ஒரு டெலிபோன் பெட்டி. ஆகவே ப்ரூம் வீட்டை நான் வேவு பார்க்கிறேன் என்று என் கணவர் ஹொரேஸ் சொல்வதில் நியாயமே இல்லை. தொட்டியில் பாத்திரம் கழுவும்போது தலையை நிமிர்த்தினால் அந்த வீடுதான் தெரிகிறது. நாள் முழுக்கக் குனிந்தபடியே பாத்திரம் கழுவ என்னால் முடியாது.

சிவப்புச் செங்கல் வீடு. நடுவில் கதவு, கதவுக்கு மேலே விசிறியை விரித்து வைத்தாற்போல அரைவட்டக் கண்ணாடி. கதவுக்கு இடதுபக்கம் இரண்டு ஜன்னல், வலதுபக்கம் இரண்டு. மாடியில் ஐந்து. காகிதத்தில் வரைந்து நடுவே மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் அச்சாக உட்காரும். ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வீடு. இரண்டாவது ஜார்ஜா மூன்றாவது ஜார்ஜா என்பதில் பாதிரியாருக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் வழக்கு உண்டு. அந்த வழக்கினால் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்துப் பல வருஷம் ஆகிறது. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி, என்ன ஒழுங்கான வீடு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவர்களுக்குத்தான் குட்டு தெரியும். ஜேபஸ் ப்ரூம் என்ற தானிய வியாபாரிக்குக் கையில் நாலு காசு சேர்ந்ததும், பட்டணத்துக் கனவான்களுடையது மாதிரி வீடு வேண்டும் என்று ஆசை வந்தது. முழு வீடு கட்ட மனசு வரவில்லை. இருந்த பழைய பண்ணை வீட்டுக்கு முன்னால் ஒரு செங்கல் முகத்தை ஒட்டிவிட்டார். பின்னால் அதே கோணல் மரச்சட்டம், அதே சுண்ணாம்புச் சுவர், அதே தொங்கல் கூரை. கோட்டுக்கு வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிற ஆண்பிள்ளைகள் எங்கள் ஊரில் இன்றைக்கும் உண்டு. ஜேபஸ் வழி வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

முகம் ஒரு கணக்கு, உடம்பு ஒரு கணக்கு. முன்பக்கத்து ஜன்னல் வரிசை பின்பக்கத்துத் தரை மட்டத்தோடு ஒத்துப்போகவே இல்லை. மாடியில் ஓர் அறையில் ஜன்னல் கணுக்கால் உயரத்தில் தொடங்குகிறது. தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும். மாடியின் இடதுகோடியில் இன்னும் பெரிய சங்கடம். பழைய வீட்டின் புகைபோக்கி சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. அங்கே ஜன்னல் வைத்தால் கரி மட்டும்தான் தெரியும். வைக்காவிட்டால் வலதுகோடி ஜன்னலுக்கு ஜோடி இல்லை. ஜேபஸ் என்ன செய்தார், செங்கலில் ஜன்னல் அளவுக்கு ஒரு பள்ளம் விட்டு, அதைப் பூசி, கறுப்பு வண்ணம் அடித்து, அதன்மேல் வெள்ளைச் சட்டங்களை வரையச் சொல்லிவிட்டார். ஜன்னலுக்குள்ளே பாதி இறக்கிய திரை ஒன்றும் உண்டு. அதுவும் வரைந்ததுதான். குட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்பது ஜன்னல். உள்ளே நின்று எண்ணினால் எட்டு.

இந்த வீட்டுக்கு ஏற்ற ஆள் அல்பன் தர்லோ. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோணலாக ஒரு கரண்டி கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாசலில் இருபுறமும் தொட்டியில் இரண்டு பிரிஞ்சி மரம் வைத்திருந்தார். ஒரு பனிக்காலத்தில் ஒன்று பட்டுப்போனதும், நன்றாக இருந்த மற்றதையும் பிடுங்கிவிட்டார். எட்டு ஜன்னலிலும் திரையைத் தினமும் வரைந்த திரையின் மட்டத்துக்குச் சரியாக இறக்கி வைப்பார். நிஜம் பொய்யைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

அவர் மனைவி மெரியல் நேர்மாறு. அவள் குடியிருந்தது பின்பக்கத்தில். தரை சரிந்த அந்தச் சமையலறையில் மேசைக் காலுக்கு ஓட்டுத்துண்டை முட்டுக்கொடுத்து, அதன்மேல் மாவு பிசைந்துகொண்டு, கோழிகளோடு பேசிக்கொண்டு இருப்பாள். முன்பக்கத்து அறைகளுக்குள் போவதென்றால் கையைத் துடைத்துக்கொண்டுதான் போவாள், அடுத்தவர் வீட்டுக்குப் போவது மாதிரி. அந்த வரைந்த ஜன்னல் மட்டும் அவளுக்குச் செல்லம். இந்த வீட்டிலேயே துடைக்க வேண்டாத ஜன்னல் அது ஒன்றுதான் என்பாள்.

ஆறு வருஷம் முன்னால், ஒரு நவம்பரில், அவள் இறந்துபோனாள்.

சாவு விழுந்தால் தெருப்பக்கத்துத் திரைகளை முழுக்க இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். உடலை எடுத்து அடக்கம் முடிந்து திரும்பிய பிறகுதான் தூக்குவோம். இளைய தலைமுறை இதையெல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறது. அல்பன் விடுகிற ஆள் இல்லை. எட்டுத் திரையும் இறங்கியது. சாயங்காலம் புல்வெளியில் வந்து நின்று தன் வீட்டைப் பார்த்தார். எட்டும் மூடியிருக்க, இடதுகோடியில் வரைந்தது மட்டும் பாதி திறந்து, ஒற்றைக் கண்ணால் முழித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை டென்சில் க்ரேக் ஏணியோடு வந்தான். மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைகிறவன் டென்சில். எங்கள் ஊர்க் கடைப் பலகையில் இருக்கும் பிரபுவுக்கு இரண்டும் இடதுகையாக இருப்பது அவன் கைவண்ணம்தான். வரைந்த திரையை அடிவரைக்கும் இறக்கி வரைந்துவிட்டுப் போனான். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. அவ்வளவு மரியாதை செய்தாரே மனிதர், என்று.

அடக்கம் முடிந்தது. எட்டுத் திரையும் பழைய மட்டத்துக்கு ஏறின. வரைந்தது ஏறவில்லை.

டென்சில் வண்ண டப்பாவோடு ஒரு தடவை போய்க் கேட்டான். இருக்கட்டும் டென்சில் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் போயிற்று. துக்கம் பெரிது என்றோம். இரண்டாவது வருஷமும் போயிற்று. ஜோடி போன மரத்தைப் பிடுங்கிய மனிதர், முகத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற வீட்டுக்குள் ஆறு வருஷம் போய்வந்துகொண்டிருந்தார். காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எதையும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்கிற பழக்கம் கிடையாது. மற்ற எல்லோரிடமும் கேட்போம்.

இப்போது வெரிட்டி ப்ளம் பற்றிச் சொல்ல வேண்டும். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, நீளமான விரல்கள், நீளமான மூக்கு, ஈ பறந்தால் எந்தச் சுரத்தில் பறக்கிறது என்று சொல்லிவிடுகிற காது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தனியாகச் சாதகம் செய்யும்போது அல்பன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சர்ச்சில் பூ வைக்கிற முறை என்னுடையது.

ஆரஞ்சு மர்மலேட் காய்ச்சும் காலம் வந்தால் வெரிட்டி ஒரு ஜாடி கொண்டுபோவாள். எங்கள் ஊரில் முன்கதவைத் தட்டுவது டாக்டரும் போலீஸும்தான். மற்றவர்கள் பின்பக்கமாகப் போய்க் குரல் கொடுப்போம். வெரிட்டி ஒவ்வொரு வருஷமும் அந்த விசிறிக் கண்ணாடிக்குக் கீழே, கையுறை போட்டுக்கொண்டு, முன்கதவைத் தட்டிவிட்டு நிற்பாள். அல்பன் வாசற்படியிலேயே ஜாடியை வாங்கிக்கொள்வார். போன வருஷம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படியிறங்கி வந்தார், நிமிர்ந்து அந்த மூடிய திரையைப் பார்த்தார், நன்றி மிஸ் ப்ளம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது வெரிட்டி குட்டையைச் சுற்றாமல் குட்டைக்குள்ளேயே ஒரு காலை வைத்துவிட்டாள்.

அந்தத் திரை ஏறினால் அவர் கேட்டுவிடுவார். கல்யாணத்தை அல்ல; ஒரு கோப்பை தேநீருக்கு உள்ளே வாருங்கள் என்று. வெரிட்டி இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இந்த வருஷம் அவள் தங்கை கடற்கரை ஊரிலிருந்து நெருக்க ஆரம்பித்தாள்: மாடியறை காலியாக இருக்கிறது, அங்கே யாருக்காகத் தனியாகக் கிடக்கிறாய், கோடை முடிவதற்குள் வந்துவிடு என்று.  அந்த ஊர் சர்ச்சிலும் ஆர்கன் இருக்கிறதாம் என்று தபாலாபீஸில் வெரிட்டி என்னிடம் சொன்னாள், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வது போல.

ஜூன் மாதம் அல்பன் ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். பஸ் திருப்பத்தில் மறைந்ததோ இல்லையோ, வெரிட்டி டென்சிலின் கொட்டகைக்குப் போனாள். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பது இப்போது ஞாபகம் இல்லை.

டென்சில் முதலில் மசியவில்லை. வீட்டுக்காரர் சொல்லாமல் தூரிகையைத் தொடமாட்டேன் என்றான்.

"அவர் எப்பவுமே சொல்லமாட்டார், டென்சில்," என்றாள் வெரிட்டி. "அவருக்குச் சொல்ல வராது. எனக்குக் கேட்க வராது. நீயாவது ஏணியை எடேன்."

"அவர் வந்து கோவிச்சுக்கிட்டா?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லு. நான் எப்படியும் ஊரை விட்டுப் போறவதானே."

டென்சில் என்னைப் பார்த்தான். நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். அவன் எழுந்து டப்பாக்களைத் தேட ஆரம்பித்தான்.

அன்றைக்கு ஊரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. புல்வெளி நிறைய ஆள். திரையின் அடியில் பழையபடி ஒரு குஞ்சம் இருந்ததா இல்லையா என்று சண்டை வந்தது. குஞ்சம் இருந்தது என்றார் பாதிரியார். குஞ்சம் இல்லை, பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது என்றார் வாத்தியார். பூனை அவர் சொந்தக் கற்பனை. டென்சில் ஏணி உச்சியிலிருந்து பக்கத்து நிஜ ஜன்னலின் மட்டத்தை எட்டிப் பார்த்துப் பார்த்து, திரையை மேலே தூக்கி வரைந்தான். கீழ்ப்பாதியில் மறுபடி கறுப்புக் கண்ணாடி வந்தது. முடித்துவிட்டு இறங்கியபோது வீடு இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தது. கொஞ்சம் திடுக்கிட்டாற்போலக்கூட இருந்தது. பரவாயில்லையே டென்சில், என்று வாத்தியாரே சொன்னார். வெரிட்டி கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

அல்பன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்றைக்கென்று எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் முன்ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியோடு புல்வெளியில் பாதி தூரம் வந்தார். நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். முதுகு எங்கள் பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. இதை நான் இன்றைக்கும் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். வெகுநேரம் நின்றார். வாத்து ஒன்று வந்து பெட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு திரை அடிவரைக்கும் இறங்கியது. பிறகு அடுத்தது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம். பிறகு மாடி. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எட்டும் இறங்கின. வரைந்த ஜன்னல் ஒன்றுதான் திறந்து நின்றது, புது வண்ணம் வெயிலில் மினுங்க.

"யாரோ போயிட்டாங்க," என்றேன்.

"யாரும் போகல, வர்றாங்க," என்றார் ஹொரேஸ், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. "வெரிட்டி வர்றா பாரு, தொப்பிகூடப் போடாம."

வெரிட்டி எங்கள் வாசலில் நின்றாள். முகம் மாவு மாதிரி இருந்தது. மகளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றாள். இல்லை, கோபமோ என்றாள். எதுவானாலும் நானும் கூட வந்தால் நல்லது என்றாள். என்னைக் கெஞ்ச வேண்டிய அவசியமில்லை. ஒரு தட்டில் பன்றித்தொடைக் கறி நாலு துண்டு அரிந்து வைத்து, துணி போட்டு மூடிக்கொண்டேன். சாவு வீடோ என்று சந்தேகம் இருந்தால் எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் போவது முறையில்லை. வெரிட்டி வழக்கம்போல முன்கதவுக்குத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

அல்பன் அந்தச் சரிந்த சமையலறையில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், மெரியலின் மேசையருகே உட்கார்ந்திருந்தார். நான் தட்டை வைத்ததும் துணியை விலக்கிப் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்று கேட்டார்.

"அதைக் கேட்கத்தான் வந்தோம்," என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. திரைகள் நினைவுக்கு வந்து, இல்லை இல்லை, எல்லோரும் சௌக்கியம், பேத்திக்குப் பல் முளைக்கிறது என்றார். பிறகு மூன்று பேரும் மேசைக்காலின் ஓட்டுத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"நான்தான், மிஸ்டர் தர்லோ," என்றாள் வெரிட்டி. "டென்சில் மேல தப்பில்ல. நான்தான் தூக்கச் சொன்னேன். உங்களைக் கேட்டிருக்கணும்."

"ஆமா," என்றார் அல்பன். "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேட்கல."

அவர் தலையாட்டினார். ஒரு நில அளவைக்காரர் தப்பான கணக்கு ஒன்றில் சரியான விடை வந்திருப்பதைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். அந்த மனிதர் சேர்ந்தாற்போலப் பத்து வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

மெரியலுக்குத் தான் பிழைக்கமாட்டோம் என்று முன்னாலேயே தெரிந்திருந்ததாம். பின்கட்டில் படுத்துக்கொண்டு ஒருநாள் சிரித்தாளாம்.

"நான் போனதும் நீ வீட்டை மூடிடுவே, எனக்குத் தெரியும்னா. திரையை இறக்கிக்கோ அல்பன், ஆனா என்னை முழு இருட்டுல வைக்காதே, ஒண்ணை விட்டுடு அப்படின்னா. உடனே அவளே, 'நீ விடமாட்டே, உனக்கு வரிசை கெட்டுப்போயிடும். போகட்டும், அந்த வரைஞ்சது இருக்கே, அதை உன்னால இறக்க முடியாது. அது என் கட்சி'ன்னு சொல்லி அப்படிச் சிரிச்சா. இருமல் வந்துடுச்சு."

அல்பன் மேசையின் மேல் கையை வைத்தார். மேசை ஆடியது.

"நான் என்ன செஞ்சேன்? ஒரு சாயங்காலம்கூடப் பொறுக்கல. வெளியே வந்து பார்த்தேன், வரிசை கெட்டிருந்துது. டென்சிலைக் கூப்பிட்டு அதையும் இறக்கிட்டேன். அவ உள்ளே படுத்திருக்கா, நான் கீழே நின்னு, இன்னும் கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

 அவர் தொடர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்ததாம். அதற்குப் பிறகு தூக்கினால் என்ன பிரயோஜனம்? ஒன்றுமே நடக்காதது மாதிரி பழையபடி வரைந்து வைத்துக்கொண்டு அதற்குக் கீழே நடக்க அவரால் முடியவில்லை. கோணலாகவே இருக்கட்டும், தினமும் கண்ணை உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாராம். நாங்கள் அதை ஆறு வருஷம் துக்கம் என்று நினைத்தோம். துக்கம்தான், வேறு வகை.

"இன்னிக்கு வந்து பார்த்தா அது தொறந்திருக்கு," என்றார். "யார் செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க, எதுவும் தோணல. ஒண்ணு மட்டும்தான் தோணுச்சு. எட்டையும் இறக்கிட்டா அவ கேட்டபடி ஆயிடும்னு."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆறு வருஷம் கழித்து அவர் மெரியலுக்கு மறுபடி துக்கம் காத்துக்கொண்டிருந்தார், இந்த முறை சரியாக. என் கறி வீணாகவில்லை.

நான் வெரிட்டியைப் பார்த்தேன். பாவம், அவள் தனக்கென்று ஒரு ஜன்னலைத் திறக்கப் போய், இன்னொருத்தியின் சாவுக்கு வந்து நிற்கிறாள். வேறு பெண்ணாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் பெட்டி கட்டியிருப்பாள். வெரிட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி சரிவில் அவர் பக்கமாகவே கொஞ்சம் நகர்ந்தது. அந்த வீட்டின் குணம் அது.

"எப்பத் தூக்கறதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில. எட்டு மணிக்கு."

"தனியாவா?"

அல்பனுக்கு லேசாக முகம் சிவந்தது. அது ஒரு சிரமம்தான் என்றார். முன்பக்கத்துத் திரைகளை இடமும் வலமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது. மெரியல் இருந்தவரைக்கும் இடதுபக்கம் அவள், வலதுபக்கம் இவர். நடுக்கூடத்தைத் தாண்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டு சேர்ந்து இழுப்பார்களாம். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் விளையாட்டாகச் செய்வாள். இப்போது அவர் இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"நான் வர்றேன்," என்றாள் வெரிட்டி.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கறி சாப்பிடுகிறீர்களா என்று எங்களைக் கேட்டார். என் கறியை எனக்கே பரிமாறினார். சாப்பிட்டோம்.

அன்று இரவு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதற்கு நான் சாட்சி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ரொட்டிக் கடையில் வேறு விதமாகப் பேசினார்கள். மறுநாள் காலை வெரிட்டி தன் வீட்டிலிருந்துதான் புறப்பட்டாள், கையுறை இல்லாமல், நேராகப் பின்கதவுக்கு.

எட்டு மணிக்கு நான் தொட்டியருகே நின்றிருந்தேன். ஹொரேஸும் நின்றிருந்தார், தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்ற சாக்கில். கீழ்த்தளத்தில் இரண்டு ஓரத் திரைகளும் ஏறின. சேர்ந்து ஏறின என்று சொல்லமாட்டேன். இடது கொஞ்சம் பிந்தியது. அடுத்த ஜோடி பரவாயில்லை. மாடியில் உள் ஜோடி கிட்டத்தட்டச் சரியாக வந்தது. நடு ஜன்னல் தனியாக. வலதுகோடியும் தனியாக, அதற்கு ஜோடியாக ஏறுவதற்கு எதுவும் இல்லையே.

பிறகு முன்கதவு திறந்து அல்பன் வெளியே வந்தார். புல்வெளிக்கு நடந்து வந்து, திரும்பி நின்று வீட்டைப் பார்த்தார். வெரிட்டி மாடியில் இடது உள்ஜன்னலில் நின்றாள், கையில் கயிறு. அவள் பக்கத்துத் திரை மற்றவற்றைவிட ஒரு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரைந்த ஜன்னல் வேறு இருந்ததால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இனி எப்படிச் சும்மா இருப்பார்? கையை உயர்த்தினார், காருக்கு வழிகாட்டுகிறவர் மாதிரி.

"கொஞ்சம் மேலே, மிஸ் ப்ளம்."

அவள் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினாள். திரையைத் தூக்கினாள். அதிகம் போய்விட்டது.

"அதிகம். கீழே. இல்ல, இப்ப ரொம்பக் கீழே."

மேலே, கீழே, மேலே. தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. பால்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். அல்பன் யாரையும் கவனிக்கவில்லை. மட்டம் வந்துகொண்டிருந்தது, அந்த ஆர்வத்தில் அவருக்கு மரியாதைச் சொற்கள் மறந்துபோயின.

"அப்படியே. இன்னும் ஒரு துளி மேலே, வெரிட்டி."

இந்தப் பக்கம் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. காது மந்தமான ஹொரேஸுக்கே கேட்டது. தேநீரைக் கீழே வைத்தார். திரை அசையவில்லை. எங்கள் ஊரிலேயே கூர்மையான காதுள்ள வெரிட்டி ப்ளம், கயிற்றைப் பிடித்தபடி, ஒன்றும் கேட்காதவள் போல நின்றாள். அவர் இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருந்தது.